ஒலி உரத்தால் மட்டும் போதாது

புக்கிட் பெலிம்பிங் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழாவோ பொதுக்கூட்டமோ நடைபெறுமாயின், முதலில் மரத்தில் ஏறுவது ஒலிபெருக்கிக் குழாயே. ஆயினும், "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்று கடைசி வரிசையில் இருப்போர் குறைப்படுவதுண்டு. இதன் காரணத்தை ஆராய்வோம்.

ஒலிவாங்கி பேச்சைச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. ஆம்பிளிபயர் அதனைப் பெருக்குகிறது. ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. அவ்வொலி ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்தால், சுற்றிச் சுற்றிப் பெருகிக் கீச்சொலியாகிறது. ஆகவே ஒலிபெருக்கியைப் பேச்சாளருக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி வைத்தல் வேண்டும். பேச்சாளர் ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் நின்று பேசுவாராயின், ஒலியை மிகுதியாகக் கூட்டத் தேவையிராது.

ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 34 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்களைக் கட்டினால், ஒன்றனருகில் நிற்பவருக்கு மற்றதன் ஒலி பத்தில் ஒரு விநாடி பிந்தி வரும். சொல்லோடு சொல் மோதும். எனவே குழாய்களைச் சிதறக் கட்டாமல், மேடைக்கருகில் சேர்த்துக் கட்டுதல் நன்று.

8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். 8 ஓமுக்குக் குறையாத சுமைக்கெனச் செய்யப்பட்ட ஆம்பிளிபயர் அதனால் சூடேறிப் பழுதாகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். பிளக் இன்றிக் கம்பி முனைகளைத் தீக்குச்சியால் துளையில் செருகுவதும், பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் பேராபத்து. எர்த் கம்பியைத் துண்டிக்கலாகாது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பையே பயன்படுத்துக. ஆம்பிளிபயரை மழை படாத உலர்ந்த பலகைமீது வைக்கவேண்டும். ஒலிவாங்கியைத் தொடும்போது விரல் 'சுள்'ளென்றால், அதனைக் கீழே விட்டு, உடனே மெயின் சுவிட்சை அடைத்துவிடுக. எவரையேனும் மின்சாரம் தாக்கினால், மின்னோட்டத்தை நிறுத்தும்வரை அவரைத் தொடலாகாது. நிறுத்தியபின் 999 எண்ணை அழைத்திடுக.

குழந்தைகளைக் குழாயின் வாயருகே நிற்க விடலாகாது. மிகையொலி கெடுத்த செவி மீளாது. விடியுமுன் பால்வெட்டச் செல்வோர் உறங்கும் வீடுகளும் அருகில் உள்ளன. கூட்டம் தொடங்குமுன் ஒருவரைக் கடைசி வரிசையில் நிறுத்திக் கேட்கச் செய்வோம். அவருக்குப் பேச்சு விளங்குமாயின், அவ்வளவு ஒலியே போதுமானது.