பேரோசையிலும் ஓர் ஒழுங்கு

'ராக்' இசை என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம். காதைப் பிளக்கும் ஓசை, கட்டுப்பாடற்ற கூட்டம் என்பதே பலரின் எண்ணம். ஜப்பான் நாட்டில் நடைபெறும் 'ஹெவி ராக்' கச்சேரி ஒன்றுக்கு வெளிநாட்டவர் ஒருவர் சென்றால் அங்கே காண்பது என்ன? தோழியரே, அதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சிறிது வரலாறு. டோக்கியோவில் எண்கோண வடிவில் அமைந்த நிப்பான் புடோகான் அரங்கம், 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் ஜூடோ போட்டிக்காகக் கட்டப்பட்டது. 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர் அங்கே பாட வந்தபோது, வீரக்கலைகளுக்குரிய இடத்தில் இந்த இசையா என்று எதிர்ப்பு எழுந்தது. பலத்த போலீஸ் காவலுடன் கச்சேரி நடந்தது. 1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் குழுவினர் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடத்திய கச்சேரிகளே 'மேட் இன் ஜப்பான்' என்ற புகழ்பெற்ற இசைத்தட்டாக வெளிவந்தன. ஜப்பானியரும் கேட்பதோடு நின்றுவிடவில்லை. 1981-இல் ஒசாகாவில் தோன்றிய 'லவுட்னஸ்' குழுவின் இசைத்தட்டு, 1985-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இனி நம் விருந்தினரைப் பின்தொடர்வோம். 'லைவ் ஹவுஸ்' எனப்படும் சிறிய இசைக்கூடம் ஒன்றுக்கு அவர் செல்கிறார். முந்திச் சென்று கதவருகே நின்றால் முதலில் நுழையலாம் என்று எண்ணினால் ஏமாந்துதான் போவார். சீட்டில் அச்சிட்ட எண்ணின்படியே ஒவ்வொருவராக அழைக்கிறார்கள். அதுவும் ஜப்பானிய மொழியில்! ஆகவே தம் எண்ணை அம்மொழியில் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. தெரியாவிட்டால் சீட்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் பணிவுடன் காட்டிக் கேட்கலாம். வாயிலில் பானத்திற்கென்று 500 அல்லது 600 யென் தனியாகக் கேட்பார்கள். அதற்குத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளலாம். பைகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலான கச்சேரிகளில் புகைப்படம் எடுக்க அனுமதியில்லை.

இசை தொடங்கியதும் இடி முழக்கம்தான்! கைகள் ஒரே தாளத்தில் உயர்கின்றன. மேடைக்கு அருகே குதிப்பும் இடிபாடும் உண்டு. ஆனால் பாட்டு முடிந்து பாடகர் பேசத் தொடங்கினால், கூட்டம் அமைதியாகக் கேட்கிறது. இது முதன்முறை செல்லும் வெளிநாட்டவரைத் திகைக்க வைக்கும். ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவர் தவறாக எண்ணவும் கூடும். உண்மையில் அந்த மௌனம் மரியாதையின் அடையாளம்.

ஓர் அறிவியல் எச்சரிக்கையும் தேவை. இத்தகைய இடங்களில் ஒலியின் சராசரி அளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே காதடைப்பான் அணிந்து செல்வதே அறிவுடைமை.

1966-இல் பெரியோர் கொண்ட கவலையை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓசை வேறு, ஒழுங்கின்மை வேறு என்பதை இந்த ரசிகர்கள் காட்டுகிறார்கள். மணி அடித்ததும் அமைதி காப்பது எளிது. கண்காணிக்க எவருமில்லாதபோதும் அடுத்தவரின் முறைக்கு இடம்விட்டு நிற்பதே கடினம். அந்நிய நாட்டுக்குச் செல்பவர் அங்குள்ள விதிகள் அனைத்தையும் அறிந்திருக்க முடியாது. ஆனால் அருகில் நிற்பவரைக் கவனித்து நடந்துகொள்ள முடியும். நல்ல விருந்தினருக்கு அதுவே முதற்பாடம். அந்தப் பாடத்தை ஒரு ராக் கச்சேரியிலும் கற்கலாம் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது!