மண்வெட்டியும் கத்தியும் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பொல்பிட்டியப் பகுதியில் மழைக்குக் குறைவில்லை. ஈரம் உலராத வயலும், சரிவில் மண்ணோடு கலந்து கிடக்கும் கல்லும் கைக்கருவிகளுக்குக் கடுஞ்சோதனையாகும். ஆதலால் இங்குள்ள கமக்காரர் விலையை மட்டும் பார்த்து மண்வெட்டி வாங்குதல் தகாது.

மலிவான மண்வெட்டி பெரும்பாலும் மெல்லிய தகட்டை வெட்டி, பிடி நுழையும் கண்ணைத் தனியே ஒட்டிச் செய்யப்படுவது. கல்லில் பட்டதும் வாய் மடங்கும். நாளடைவில் ஒட்டும் விட்டுப்போகும். தரமானதோ ஒரே உருக்குத் துண்டைக் காய்ச்சி அடித்து, கண்ணும் தகடும் ஒன்றாக உருவாக்கிப் பதமிட்டது. இவ்வேறுபாட்டுக்கு இரும்பிற் கலந்துள்ள கரியின் அளவே முதற்காரணமாகும். நூற்றுக்கு 0.2 பங்கு கரியுள்ள இரும்பை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது கூர் தாங்குமளவு இறுகாது, 0.6 பங்களவு இருப்பின் இறுகும்.

கடையிலே பளபளக்கும் வர்ணப்பூச்சு இதனைக் காட்டாது. கடைக்காரரின் அனுமதியுடன் வாயோரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கவும். அரம் எளிதாகக் கடித்து இழைத்தால் அது மென்மையான இரும்பு. சற்று வழுக்கினால் பதமிட்டது. தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டும்போது தெளிவான ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை வெடிப்புக்கு அறிகுறியாகலாம்.

தோட்டத்திற் கவ்வாத்துக் கத்தி பிடித்தோருக்கு இது புதிதன்று. மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும், பிளந்த காயத்தில் நோய் புகும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

எல்லாவற்றுக்கும் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. நீர்வாளி, நாற்றுக்கூடை போன்றவை மலிவாயிருப்பினும் கேடில்லை. வாய்க்கூர் வேண்டிய கருவிகளுக்கே பணத்தை ஒதுக்குக. கைதேர்ந்த கொல்லர் பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்துத் தரும் கத்தி, கடையில் விற்கும் பல கத்திகளிலும் மேலானது என்பது எமது கருத்து. அத்தகடு கூர் தாங்கும் உருக்காகும்.

நல்ல கருவியையும் சாணைச் சக்கரம் கெடுத்துவிடும். தீட்டும்போது வாய் நீலநிறங் கொண்டால் வெப்பம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்டிப் பதம் இறங்கிவிட்டதென அறிக. அடிக்கடி நீரில் தோய்த்துத் தீட்டுவதும், இயன்றவரை கையரத்தால் தீட்டுவதும் நன்று. பிடிக்கு, கணுவின்றி நார் நேராக ஓடும் மரத்தையே தெரிந்தெடுக்கவும். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மழைச்சாரல் படாத இடத்தில் தொங்கவிடவும்.