பொனட்டுக்குள் இருந்து ஒரு கீச்சொலி

பட்டிப்பொலயில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பழைய வாகனத்தை ஸ்டார்ட் செய்தால் அது சத்தமில்லாமல் புறப்படுவது அபூர்வம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி உயரம். தை மாதத்தில் அம்பேவெல பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாச் சந்தைக்குப் புறப்படும் வாப்பாவின் கெப் வண்டி, பொனட்டுக்குள் இருந்து ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம் போடும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். “குளிருக்கு” என்பார் வாப்பா.

முதலில் அது உண்மையாகவே குளிருக்குத்தான். பின்பு ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாயிற்று. ஹெட்லைட்டைப் போட்டால் கத்தத் தொடங்கியது. வாப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, மூடுபனி இறங்கிய ஒரு விடியலில், பெல்ட் அறுந்தது. டேஷ்போர்டில் பெட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. வெப்பமானியின் முள் மேலே ஏறியது. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. மூட்டைகள் சந்தை கலைந்த பிறகே போய்ச் சேர்ந்தன. கோவாவும் கரட்டும் காத்திருக்கும், விலை காத்திருக்காது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தவணையில்தான் உராய்வு என்ற பாடத்தைப் படித்து நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். நிலையியல் உராய்வு இயக்கவியல் உராய்வை விடப் பெரியது என்று எழுதத் தெரிந்த எனக்கு, அந்த வசனமே தினமும் காலையில் எங்கள் வாசலில் நின்று கத்துகிறது என்பது விளங்கவில்லை.

பொனட்டைத் திறந்தால் எஞ்சினின் முன்பக்கத்தில் இறப்பர் பெல்ட் ஒன்று பல கப்பிகளைச் சுற்றி ஓடுவதைக் காணலாம். எங்கள் வண்டியில் அதுவே காற்றாடியையும், ரேடியேட்டர் நீரைச் சுற்றவைக்கும் நீர்ப்பம்பியையும், மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரையும் சுழற்றுகிறது. பழைய சாரதிமார் ஆல்டர்நேட்டரை இன்னும் ‘டைனமோ’ என்பர். முன்பு தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கூரைக்குக் கீழே நீண்ட தண்டு ஒன்று சுழன்று, அதிலிருந்து இறங்கும் தட்டையான பெல்ட்டுகள் கொழுந்து உருட்டும் இயந்திரங்களை ஓட்டின. தத்துவம் ஒன்றுதான்: பெல்ட் கப்பியை உராய்வினால் பற்றிக்கொள்கிறது.

அந்தப் பிடி தளர்ந்தால் இறப்பர் சற்று ஒட்டும், இழுபடும், வழுக்கும், மறுபடி ஒட்டும். ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும்போது பெல்ட் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும் வயலின் தந்தியில் வில் இசை எழுப்புவதும் இதே முறையில்தான். (வயலினுக்கு மட்டும் நாம் காசு கொடுத்துக் கேட்கிறோம்.)

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? பனியீரம் கப்பியில் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்திருக்கும். குளிரில் இறப்பர் விறைத்திருக்கும். அதோடு, ஸ்டார்ட் செய்ததில் செலவான மின்னை பெட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்நேட்டர் அந்த நேரத்தில்தான் கூடுதலாக உழைக்கிறது. சூடேறி ஈரம் காய்ந்ததும் சத்தம் நின்றால் பெரிய பயமில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்தாலோ, ஹெட்லைட் போடும்போது கூடினாலோ பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்து கண்ணாடிபோல் பளபளப்பாகிவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லாக் கீச்சொலியும் தளர்ச்சியால் வருவதில்லை. இதைப் பிரித்தறிய கராஜ்காரர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் ஓடும்போது, தூர நின்று, பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதாது. சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால், கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பெல்ட் பக்கவாட்டில் உரசுகிறது. இந்தச் சத்தம் நீளமாக இராது. குருவி கத்துவது போல விட்டு விட்டு வரும். தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு ஏதாவதொரு கப்பியின் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பெயாரிங் பழுதானால் கீச்சென்பதோடு ஒரு உறுமலும் சேர்ந்துகொள்ளும். நீர்ப்பம்பியின் பெயாரிங் என்றால் அதன் அடியில் நீர் கசிந்த கறையும் தெரியலாம்.

எந்தக் கப்பி என்று அறிய ஒரு மீற்றர் நீள இறப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடும் பாகங்களில் படாமல் ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோய்க் கேட்கலாம். 1816இல் பாரிஸில் வைத்தியர் லெனெக், கடதாசியைச் சுருட்டி ஒரு நோயாளியின் இதயத்தைக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. எஞ்சினுக்கும் அதே வைத்தியம்.

தோழியரே, இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. ஓடும் பெல்ட் ஸ்கார்ஃபின் நுனியையோ அபாயாவின் கையையோ பின்னலையோ பற்றினால் விடாது. எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிய பிறகே பொனட்டை நெருங்குங்கள். பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது எஞ்சினை நிறுத்தி, சாவியை வெளியே எடுத்த பிறகுதான். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். எங்கள் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தில் அதைவிடச் சூடாக அடைபட்டிருக்கும் நீர், மூடி கழன்றதும் முகத்தில் பாயும்.

நிறுத்திய எஞ்சினில், இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால், பழைய வகை வண்டிகளில் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் அமிழ்வது வழக்கம். சரியான அளவு வாகனக் கைநூலில் இருக்கும். பல வரிகள் கொண்ட அகன்ற பெல்ட்டை ஒரு தானியங்கி இறுக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அதில் சத்தம் வந்தால் இறுக்கியே களைத்திருக்கக்கூடும். புதிய ரக இறப்பர் வெடிக்காமலேயே தேயும் என்பதால் ‘வெடிப்பில்லை, நல்ல பெல்ட்’ என்று நம்பிவிடவும் கூடாது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரில் இந்தப் பெல்ட்டே கிடையாது. அங்கே கீச்சொலி கேட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

சிலர் பெல்ட்டில் சவர்க்காரம் தேய்ப்பார்கள், சிலர் எண்ணெய் விடுவார்கள். சவர்க்காரம் சத்தத்தைச் சில நாள் மறைக்கும். எண்ணெய் இறப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். இரண்டும் வாப்பாவின் ரேடியோவைப் போன்றவைதான்.

பெல்ட் மாற்றிச் சில மாதங்களின் பின் மறுபடி ஒரு சத்தம் வந்தது. இம்முறை உம்மா இஸ்திரிக்கு வைத்திருந்த தெளிப்பான் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு ஓடினேன். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. “கப்பி கோணல், வாப்பா” என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனால் அன்றே கராஜுக்குப் போனார். ஆல்டர்நேட்டரைத் தாங்கும் ஆணி ஒன்று தளர்ந்திருந்ததாம். போத்தல் இப்போது கெப் வண்டியின் இருக்கைக்குக் கீழே கிடக்கிறது. உம்மா இன்னும் புதியதொன்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.