பாடசாலையில் அனர்த்த ஆயத்தம்: எங்கே ஓடுவது என்று யாருக்குத் தெரியும்?

ரொறன்ரோவில் பாடசாலை செல்லும் எமது பிள்ளைகளிடம் தீ ஒத்திகை பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். மணி அடிக்கும், கணக்குப் பாடம் பாதியில் நிற்கும், குளிரங்கிகூட எடுக்காமல் வரிசையாக வெளியே போக வேண்டும், ஆசிரியர் இடாப்பைப் பார்த்துத் தலைகளை எண்ணுவார். ஒன்ராறியோ தீயணைப்பு விதிகளின்படி இலையுதிர்காலத் தவணையில் மூன்று முறையும் வசந்தகாலத் தவணையில் மூன்று முறையும் இது நடைபெற வேண்டும். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் எந்தக் கதவால் போவது, எங்கே நிற்பது என்று தெரியும். ஊரில் நாம் படித்த காலத்தில் இப்படி ஒரு மணி அடித்ததாக நினைவில்லை.

2004 டிசெம்பர் 26 காலை சுமத்திரா அருகே பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடித்தது. நடந்தே தப்பக்கூடிய நேரம் அது. ஆனால் செய்தி சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, விடுமுறைக் காலம். பாடசாலை நாளாக இருந்திருந்தால் கரையோர வகுப்பறைகளின் கதி என்ன என்று எண்ணவே மனம் அஞ்சுகிறது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, “இது சுனாமி” என்று பெற்றோரிடம் அடம்பிடித்துச் சொன்னாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் புவியியல் ஆசிரியர் அதனைக் கற்பித்திருந்தார். கடற்கரை காலி செய்யப்பட்டது. புதுச்சேரி அருகேயுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி மூலம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வெளிநாட்டில் இருக்கும் நாம் இதனை இருமுறை வாசிக்க வேண்டும்.

ஆனால் அறிவு மட்டும் போதாது என்பதற்கு ஒரு துயரமான சான்று யப்பானில் உண்டு. ஒகாவா ஆரம்பப் பாடசாலை ஆற்றோரத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தள்ளி இருந்த ஒரு நாட்டுப்புறப் பள்ளி. 2011 மார்ச் 11 பூமியதிர்ச்சிக்குப் பின் பிள்ளைகள் ஒழுங்காக முற்றத்துக்கு வந்து நின்றனர். பின்னால் ஒரு குன்று. முற்றத்தில் நேரம் கரைந்துகொண்டே போனது. சுமார் 50 நிமிடங்களின் பின் அலை வந்தது. 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் பலியாயினர். பாடசாலையின் கையேட்டில் ஒதுங்கும் இடம் “அருகிலுள்ள வெற்றுநிலம் அல்லது பூங்கா” என்ற அளவில்தான் எழுதப்பட்டிருந்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். முன்கூட்டியே ஆயத்தம் செய்யாததே குற்றம் என்ற மேல்நீதிமன்றத் தீர்ப்பு 2019 இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது.

அன்றே கமாய்ஷி என்னும் ஊரில் இடைநிலைப் பள்ளி மாணவர் சிறுவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினர். குறித்த இடம் பாதுகாப்பாகத் தோன்றாதபோது மேலும் உயரத்துக்கு ஏறித் தப்பினர். அவர்கள் பலமுறை பழகியிருந்தனர்.

ஆகவே பயிற்சி என்பது ஆசிரியர்களுக்கு ஒரு நாள் விரிவுரை வைத்துச் சான்றிதழ் கொடுப்பதல்ல. எங்கே போவது என்று பெயர் சொல்லித் தீர்மானித்து, முதலாம் தரத்துப் பிள்ளையின் நடையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது. மட்டக்களப்புக் கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள பாடசாலைக்குக் குன்று ஏது? உறுதியான மேல்மாடியா, உள்நாட்டுப் பாதையா என்று இன்றே முடிவு செய்ய வேண்டும். சூறாவளிக்கோ பாடம் வேறு. அப்போது வெளியே ஓடக் கூடாது; ஓடு பறக்காத பலமான கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் காற்று திடீரென ஓய்ந்தால் சூறாவளியின் கண் கடக்கிறது என்று பொருள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட முதியோர் எம் ஆலயத்திலும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் அருகில் இருத்திக் கேட்கச் செய்யுங்கள்.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. மாவட்டந்தோறும் அதற்குப் பிரிவுகள் உண்டு. இங்குள்ள பழைய மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடல் வைத்து நுழைவாயிலுக்கும் மண்டபத்துக்கும் நிதி அனுப்புகின்றன. நல்லதே. அடுத்த முறை அதிபருடன் பேசும்போது, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, அந்த மாவட்டப் பிரிவினரை அழைத்தீர்களா என்றும் கேட்போம். ஒரு ஒலிபெருக்கிக்கும் கைம்மணிக்கும் ஆகும் செலவு வளைவில் பெயர் பொறிக்கும் செலவிலும் குறைவு.

இனி எமது வீட்டுக் கதை. ஞாயிறு வகுப்பு நடக்கையில், தை மாதக் குளிரில் ஆலய மண்டபத்தில் அபாய மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் வெறுங்காலுடன் இருப்போம். பிள்ளைகள் சப்பாத்துத் தேடி முன்வாசலுக்கு ஓடுவார்கள்; அங்கே நெரிசல். பின்புற அவசர வாசலிலோ கதிரைகள் அடுக்கியிருக்கும். சப்பாத்தைத் தேடாமல் அண்மைக் கதவால் வெளியேற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவசர வாசலருகே ஒரு பெட்டியில் வைக்கப் பழைய சப்பாத்துகளும் கம்பளிகளும் தருமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். கதிரைகளைத் தொண்டர்கள் இந்த வாரமே அகற்றட்டும்.