குறளிக்கு ஒரு குறை வேண்டும்

திண்டுக்கல்

அன்பு மருமகனுக்கு மாமனின் ஆசிகள்.

வேடமேற்றுக் கதையாடும் விளையாட்டில், அதாவது ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்க, கதை நடத்துபவர் சூழலை விவரிக்க, ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும் ஆட்டத்தில், திருட்டுப் பூதத்தைத் தேர்ந்தெடுப்பது அடிதடிப் பூதத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினமானது. அடிதடிப் பூதத்துக்குப் பல்லும் நகமும் போதும். ஆட்டக்காரர்கள் வெட்டுவார்கள், முடியாவிட்டால் ஓடுவார்கள். திருட்டுப் பூதமோ அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த பொருளில் கைவைக்கிறது. அந்தக் கோபம் பூதத்தை விட்டுவிட்டுக் கதை நடத்துபவர்மேல் பாய்ந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. திண்டுக்கல் மலைக்கோட்டையையும் அதன் அடிவாரச் சந்தையையும் களமாக வைத்து எழுதவிருக்கும் கதைக்கு மூன்று பெயர்களைக் குறித்து மருமகன் கருத்துக் கேட்டிருப்பதால், அம்மூன்றையும் எடைபோடுவதே இக்கடிதத்தின் வேலை.

முதலாவது கென்கு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பின்னாளில் சேர்ந்த, காகத் தலையுடைய இந்தத் திருட்டுப் பிறவி, ஜப்பானியர் சொல்லும் தெங்கு என்னும் பறவைப் பேயை ஒட்டி உருவானது. ஐந்தாம் பதிப்பின் தொடக்க நூல்களில் அதற்குச் சொந்தக் குரலே இல்லை. ஒரு சாபத்தால் அதை இழந்துவிட்டு, கேட்ட குரல்களையும் ஓசைகளையும் அப்படியே திருப்பி ஒலித்தே பேசுகிறது. இந்த ஒரு குணம் களவாடத் தக்கது. மற்றபடி கென்குவை வாங்கினால், ஓர் இனம் முழுவதையும் திருடர் என்று சொல்லும் எண்ணத்தையும் சேர்த்தே வாங்க நேரும். அதன் கேடு கீழே வரும்.

இரண்டாவது, தேவாங்கின் உருவில் ஒரு பூதம். இரவில் உலவுவது, பெருங்கண் உடையது, மெல்ல நகர்வது என்று பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளில் வாழும் இந்தச் சிறு விலங்கு பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறதே தவிர ஒருவர் பொருளையும் தொடுவதில்லை; அதன் கண்ணிலும் உறுப்புகளிலும் மாந்திரீக ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையால் பட்ட பாடு அதற்குப் போதும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில், இந்தியாவிலேயே முதலாவதான கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டிருக்கும்போது, அதே மாவட்டத்துப் பிள்ளைகள் அதைப் பேயாக்கி விளையாடுவது அழகல்ல.

எஞ்சுவது குறளி. வித்தைக்காரர் ஏவிய இடத்துக்குச் சென்று கேட்ட பொருளைக் கொண்டுவரும் குட்டிப் பேய் என்று ஊர்ப்பேச்சில் வழங்குவதும், தெருவில் நடக்கும் கண்கட்டு வேலைக்கே குறளி வித்தை என்ற பெயரைத் தந்ததும் இதுதான். உருவம் இன்னதென்று எந்தப் புத்தகமும் கட்டளையிட்டு வைக்காததால் கதை நடத்துபவருக்குக் கை நிறைய உரிமை உண்டு. ஆட்டக்காரர்களின் பாட்டிமாருக்கும் பெயர் தெரிந்த பேய் என்பதால் அறிமுகப் படலமும் தேவையில்லை. தேர்வு குறளிதான். ஆனால் பெயரைத் தேர்ந்ததால் மட்டும் பூதம் சூழ்ச்சிக்காரப் பூதம் ஆகிவிடாது.

சூழ்ச்சி எது என்பதற்குத் தமிழில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைவிடத் தெளிவான பாடம் கிடையாது. பாண்டிமாதேவியின் சிலம்பைத் தானே களவாடிய பொற்கொல்லன், தன் மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க மதுரைக்கு வந்த கோவலனைக் காவலரிடம் காட்டிக்கொடுக்கும்போது, அவனைப் பார்த்த காவலர் இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்று சரியாகவே சொல்கிறார்கள். அந்தச் சரியான தீர்ப்பைக் கலைப்பதற்காகப் பொற்கொல்லன் களவு நூலையே பாடமாக எடுக்கிறான்: கள்வர்க்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டு என்பான்; தூதன் கோலத்தில் பகலெல்லாம் அரண்மனை வாயிலில் இருந்து, பெண் கோலத்தில் இருளில் புகுந்து, விளக்கின் நிழலில் நடந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த ஒருவனின் கதையையும் சொல்வான். இளவரசன் விழித்து வாளை உருவி வீச, வீசுந்தோறும் அந்தக் கள்வன் வாளுறையிலேயே அதைச் செருகி வாங்கிக்கொள்கிறான். கைகலக்க வந்தபோது ஒரு மணித்தூணைத் தன்னைப்போல் காட்டிவிட்டு மறைகிறான். கேட்ட காவலருள் ஒருவன் கோவலனை வாளால் வெட்டிவிடுகிறான். அங்கேயே நின்ற உண்மைக் கள்வனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டுத் துணைகளையும் ஒரே பூதத்துக்குத் தந்தால் அதை எவராலும் பிடிக்க இயலாது. மந்திரத்தால் மறையும் பூதத்திடம் ஆட்டக்காரர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. மருந்தால் மயக்கும் பூதம் அவர்களின் முடிவெடுக்கும் உரிமையையே பறித்துவிடுகிறது. ஆகவே இவ்விரண்டையும் முதலில் நீக்குவது நல்லது. தந்திரம், காலம், நிமித்தம் ஆகிய மூன்றும் குறளிக்குப் போதும். தந்திரத்தின் கருவியாகக் கென்குவிடமிருந்து எடுத்த குரல்மாற்றைக் கொடுக்கலாம். இவற்றுள் நிமித்தமே, அதாவது சகுனமே, கதை நடத்துபவருக்குப் பொற்கொல்லன் விட்டுச்சென்ற சொத்து. நிமித்தம் வாய்க்காவிடில் அரும்பொருள் தானே கைக்கு வந்தாலும் கள்வர் தொடமாட்டார் என்கிறான் அவன். குறளிக்கு இது மீற முடியாத விதியாகட்டும்: பல்லி நல்ல திசையில் சொல்லாமல் அது எதையும் எடுக்காது. இதைக் கண்டுபிடிக்கும் ஆட்டக்காரர் தாமே பல்லிபோல் நாக்கைக் கொட்டி அதை வலையில் வீழ்த்தலாம். குரலைத் திருடும் பேய் ஒரு போலிக் குரலால் அகப்படுவதைவிடப் பொருத்தமான தோல்வி ஏது?

களம் திண்டுக்கல் என்பதால் பூட்டுகளை விட்டுவிட இயலாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகராது. கையால் அராவிச் செய்வதால் ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேர்வதில்லை. மாங்காய்ப் பூட்டு உண்டு. சாவியைச் சுற்றச் சுற்ற மணியடிக்கும் பெல் பூட்டும் உண்டு. அயல்நாட்டு ஆட்டப் புத்தகங்களில் பூட்டுத் திறப்பது என்பது ஒரு பகடை உருட்டலில் முடிந்துவிடும். இங்கே குறளி பூட்டைத் தொடவே கூடாது. தானிய மண்டிக்காரரின் மகன் குரலில் அது வாசலில் நின்று கூப்பிட, அவரே எழுந்து வந்து பெல் பூட்டைத் திறக்க, மணி மூன்று முறை ஒலிக்க, அண்டைவீட்டார் அனைவரும் அதைக் கேட்டிருக்க, காலையில் பெட்டி காலியாக இருந்தால், பூட்டு உடையவில்லை, மணியும் அடித்திருக்கிறது, சாவி ஒருவரிடமே உள்ளது என்ற மூன்று உண்மைகளும் சேர்ந்து மண்டிக்காரரையே கள்வராக்கும்.

இனி, இனத்தின் கேடு. கோவலன் இறந்தபின் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. களவு செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். காப்பியத்தோடு அது முடியவுமில்லை. பிறப்பினாலேயே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பதிந்துகொள்ளும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆடவர் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவலரின் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை எதிர்த்த பிரமலைக் கள்ளர்மீது உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது; கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. மேசையைச் சுற்றி அமரும் பிள்ளைகளுள் சிலர் அப்பள்ளிகளில் படித்தவராக இருக்கலாம். திருடும் இனம் என்ற ஒன்று இந்த மண்ணில் எழுதப்படும் கதையில் இடம்பெறத் தேவையே இல்லை. குறளி ஒன்றே ஒன்றாக, ஒருவனால் ஏவப்பட்டதாக இருக்கட்டும். ஏவியவன் யார் என்பது தனிக் கேள்வியாகட்டும்.

ஒற்றைப் பேய்க்கு ஒரு தேவையும் இருந்தாக வேண்டும். சிறுமலைப் பாதையில் பையைப் பறிக்கும் குரங்கு தின்பண்டத்துக்காகப் பறிக்கிறது. அதில் மர்மம் இல்லை. பாலித் தீவின் உலுவாத்து கோயில் குரங்குகளோ கைப்பேசியையும் மூக்குக் கண்ணாடியையும் பறித்து, உணவு கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன; 2021-இல் வெளிவந்த ஆய்வின்படி, வளர்ந்த குரங்குகள் மனிதர் எதை மிகுதியாக மதிக்கிறார்கள் என்று அறிந்து அதையே குறிவைக்கின்றன. குறளியும் இப்படிப் பேரம் பேசட்டும். அதற்கு வேண்டியது தங்கம் அல்ல, இதுவரை கேட்டிராத ஒரு குரல் என்று வைத்தால், பொருளை மீட்க ஆட்டக்காரர் வாளை எடுக்கத் தேவையில்லை. பாட வேண்டியிருக்கும், அழுதுகாட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் செருக்கும் சேர்க்கலாம். மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் சர்விலகன் சுவரில் கன்னமிடும்போது, விடிந்ததும் ஊரார் பார்த்து மெச்சும்படி எந்த வடிவில் துளையிடலாம் என்று யோசித்து, பூணூலையே அளவுக்கயிறாக்குகிறான். அப்படிப்பட்ட தற்பெருமை தடயம் விட்டுச்செல்லும். தடயம் இல்லாத திருட்டு ஆட்டக்காரருக்கு வெறும் நட்டக்கணக்குதான்.

விதிகளை எழுதத் தொடங்குமுன் கொலைக்களக் காதையை நல்ல உரையோடு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது மருமகனுக்கு நல்லது. முதல் அமர்வில் திருடுபோகும் பொருள் ஆட்டக்காரருடையதாக இருக்கக் கூடாது. அது சந்தைக்காரர் ஒருவருடையதாக இருக்கட்டும். சந்தேகம் மட்டும் ஆட்டக்காரர்மேல் விழட்டும்.

இப்படிக்கு,
மாமன்