விமர்சனத்தை நம்பி ஓர் உலகத்தை வாங்கலாமா?

கேள்வி: கோரமங்கலாவில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் ஆடுகிறோம். எல்ஃப்களும் பனிமலைகளும் அலுத்துவிட்டன. அடுத்த கேம்பெய்னை இந்தியச் சாயலுள்ள உலகத்தில் நடத்த ஆசை. ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ புத்தகத்தை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் மேலோட்டமானது என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: இருவரையும் நம்பலாம். 2022இல் வந்த அந்தப் புத்தகத்தில் 13 சாகசக் கதைகள் உண்டு. எழுதியவர்கள் எல்லாருமே வெள்ளையர் அல்லாதவர்கள். கொண்டாடுபவர் கதைகளைச் சொல்கிறார். குறை சொல்பவர் சிட்டடெல் நகரத்தைச் சொல்கிறார். 27 நாகரிகங்கள் சேர்ந்து எழுப்பிய நகரம் என்று பெரிதாக அறிமுகம் செய்துவிட்டு, அதற்குச் சில பக்கங்களே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் தேடுவது இந்திய வாசனை என்பதால், அந்தக் குறை உங்களை அவ்வளவாகப் பாதிக்காது.

இந்தியச் சாயல் இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1993இலேயே அதன் ‘ரேவன்லாஃப்ட்’ என்ற திகில் வரிசையில் ஸ்ரீ ராஜி என்ற நாடு வந்தது. காடு, பாதி ராட்சசனான அரிஜானி என்ற அரசன், காளியின் பெயரால் கொல்லும் கூட்டம்: வெளியூர்க்காரர் கற்பனை செய்த இந்தியா அது. அங்கே வாழும் சாதாரண ஆளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததாகவே தெரியவில்லை. 2021இல் ‘வேன் ரிக்டன்ஸ் கைடு’ புத்தகத்தில் அதே நாடு கலாகேரி என்ற பெயரில் திரும்பி வந்தது. மகாராணி ரம்யா, அவளுடைய உடன்பிறப்புகள், அரியணைக்கான உள்நாட்டுப் போர் என்று கதையே மாறிவிட்டது. அரிஜானியும் இருக்கிறான், இப்போது ரம்யாவின் சகோதரனாக. நம் வீட்டுச் சொத்துத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அரசியலை யாரும் விளக்கத் தேவையில்லை! கலாகேரியை எழுதிய அஜித் ஜார்ஜ், ரேடியன்ட் சிட்டடெல்லை முன்னின்று உருவாக்கிய இருவரில் ஒருவர். உங்கள் ஊரிலிருந்து மாநில எல்லை தாண்டினால் வரும் சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்திலும் பொறுப்பு வகித்தவர்.

ரேடியன்ட் சிட்டடெல் கதைகளில் உங்களுக்கு நேராகப் பயன்படுவது மிமி மண்டல் எழுதிய ‘இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’. வங்கத்தை நினைவூட்டும் சங்கபூமி என்ற ஆற்றுநாட்டில் நடக்கிறது. ஊரே திரண்டு போட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது வெள்ளம் வந்து ஆளை அடித்துக்கொண்டு போகிறது. அங்கே ஆறுகளுக்கு உயிர் உண்டு, கோபம் உண்டு. ஆற்றைத் தாயாகக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இது வெறும் அலங்காரமாகத் தெரியாது. வில்லனைக் கொன்றால் போதுமா, ஆற்றிடம் பேசலாமா என்று உங்கள் ஆட்டக்காரர்கள் வாதாடுவார்கள். படித்துவிட்டு மட்டும் எழுதும் விமர்சகருக்கு இந்த இடம் பிடிபடாது. மேசையில் நடத்திப் பார்த்தவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். ஆட்டத்தை நடத்தும் டி.எம். எந்த இடத்தில் தடுமாறினார், எந்தக் காட்சி இழுத்தது என்று அவர் சொல்லியிருப்பார்.

ஒன்று கவனியுங்கள்: மணிவர்ஷா 9ஆம் லெவல் கதாபாத்திரங்களுக்கானது. புதிதாகத் தொடங்குவதானால், அதே புத்தகத்தில் இரவுச் சந்தையில் இரண்டு வியாபாரக் குடும்பங்களின் பகையைச் சொல்லும் முதல் லெவல் கதை ‘சால்டட் லெகஸி’யை எடுங்கள். அது தாய்லாந்துச் சாயல் என்றாலும், கே.ஆர். மார்க்கெட்டில் பேரம் பேசிய அனுபவம் தாராளமாகக் கைகொடுக்கும்.