ஓடும் எஞ்சினைத் தேடி

வெப்ப இயக்கவியல் பாடத்தில் கார்னோ சுழற்சியைப் படிக்கும் நாம் அனைவரும் நான்கு வளைகோடுகள் கொண்ட ஒரு படத்தை வரைகிறோம். மூலைகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிடுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1824இல் தமது நூலை வெளியிட்டபோது, நீராவி எஞ்சின்கள் சுரங்கங்களில் நூறாண்டுக்கு மேலாக நீர் இறைத்து வந்தன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சின் முன்னே வந்தது. சமன்பாடு பின்னே வந்தது. அந்தப் பழைய எஞ்சின்களை இன்று எங்கே காணலாம், எப்படிக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிற்கும் எஞ்சினைக் காண்பது வேறு; ஓடும் எஞ்சினைக் காண்பது வேறு. வண்ணம் பூசிக் கயிறு கட்டி மண்டபத்தில் நிறுத்திய எஞ்சின் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லாது. சில வேளைகளில் தவறாகவும் சொல்லிவிடும்.

இதற்குத் தாமஸ் நியூகாமனின் எஞ்சினே தக்க சான்று. அது 1712இல் இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நிறுவப்பட்டது. மேலே திறந்த ஒரு சிலிண்டர், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனிலிருந்து சங்கிலியால் பிணைத்த பெரிய மர உத்தரம், உத்தரத்தின் மறுமுனையில் சுரங்கத்திற்குள் இறங்கும் பம்புத் தண்டு. நின்ற நிலையில் இதைப் பார்ப்பவர் ஆவிதான் பிஸ்டனைத் தள்ளுகிறது என்று எண்ணுவார். உண்மை அதுவன்று. பம்புத் தண்டின் பாரத்தால் பிஸ்டன் மேலே எழும்பும்போது சிலிண்டருக்குள் ஆவி நிரம்புகிறது. பிறகு உள்ளே குளிர்ந்த நீர் பீய்ச்சப்படுகிறது. ஆவி நீராகச் சுருங்க, வெற்றிடம் உண்டாகிறது. அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே அமுக்குகிறது. வேலை செய்வது வளிமண்டலம்! அந்த 1712ஆம் ஆண்டு எஞ்சினை முழு அளவில் மறுபடியும் கட்டி 1986இல் டட்லியின் பிளாக் கன்ட்ரி வாழும் அருங்காட்சியகத்தில் நிறுவினார்கள். அது இயங்கும்போது பார்ப்பவருக்கு இவ்வுண்மையை யாரும் விளக்க வேண்டியதில்லை. உத்தரம் எந்தக் கணத்தில் சாய்கிறது என்பதே சொல்லிவிடும்.

அந்த எஞ்சின் நிமிடத்திற்கு 12 முறை அசைந்து, ஒவ்வோர் அசைவிலும் 10 காலன் நீரை 153 அடி உயர்த்தியது என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஐந்தரைக் குதிரைத்திறன் வருகிறது. நம் ஊர்க் கிணற்றடியில் இருக்கும் பம்புசெட்டின் திறனும் ஏறக்குறைய அதுதான். அதற்கு அன்று ஒரு மாடிக் கட்டடமும், கரி தள்ள ஆட்களும், குவியல் குவியலாகக் கரியும் வேண்டியிருந்தன. கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. கொதிகலன் 100 டிகிரி, குளிர்நீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கார்னோ வாய்பாடு 18.8 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. மீதி எங்கே போயிற்று? ஒவ்வோர் அசைவிலும் ஒரே சிலிண்டரைச் சூடாக்கிச் சூடாக்கிக் குளிர்வித்ததில் பெரும்பகுதி போயிற்று. இதைக் கண்டுகொண்ட ஜேம்ஸ் வாட், ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் ஒன்றை அமைத்து 1769இல் காப்புரிமை பெற்றார்.

வாட்டின் எஞ்சின்களைக் காண விரும்புவோர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1777, 1788 ஆகிய ஆண்டுகளின் எஞ்சின்கள் அவர்களிடம் உள்ளன. வாட்டின் பணியறையையே 1924இல் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தார்கள். பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் 1779ஆம் ஆண்டின் ஸ்மெத்விக் எஞ்சின் இருக்கிறது. இயங்கும் நிலையில் உள்ள நீராவி எஞ்சின்களில் உலகிலேயே மிகப் பழையது அதுவே என்பர். ஆனாலும் என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டிய இடம் கிராஃப்டன் என்பேன். வில்ட்ஷயரில் கென்னட்–ஏவன் கால்வாயின் ஓரத்தில் ஒரு செங்கல் வீடு. அதற்குள் 1812இல் போல்டனும் வாட்டும் நடத்திய நிறுவனம் செய்த எஞ்சின், நிறுவிய இடத்திலேயே இன்றும் நிற்கிறது. கால்வாயின் மேட்டுப் பகுதிக்கு 40 அடி உயரம் நீர் ஏற்றுவது அதன் தொழில். ஓர் அசைவுக்கு ஏறக்குறைய ஒரு டன் நீர். 1968இல் ஓர் ஆர்வலர் அமைப்பு அதை வாங்கி, 1970இல் மறுபடியும் ஆவியூட்டி ஓட்டிக் காட்டியது. ஊதியம் பெறாத தொண்டர்கள் எண்ணெய் விட்டுக் கரி தள்ளி அதைப் பேணி வருகிறார்கள். எஞ்சின் எதற்காகப் பிறந்ததோ அந்த நீர் அதன் காலடியில் ஓடும்போது, நமக்கு எதையும் கற்பனை செய்யும் தேவை இல்லை.

ஆகவே, பழைய எஞ்சினைத் தேடுவோர் தலைநகர்களை மட்டும் நாடக் கூடாது. சுரங்கம், கால்வாய், குடிநீர் நிலையம், நூற்பாலை என எஞ்சினுக்கு வேலை இருந்த இடங்களைத் தேட வேண்டும். லண்டனுக்கு மேற்கே கெம்ப்டன் குடிநீர் நிலையத்தில் 1929ஆம் ஆண்டின் எஞ்சின் ஒன்று 62 அடி உயரத்தில் நிற்கிறது. ஆறு மாடிக் கட்டடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்றொன்று, இத்தகைய இடங்களில் எல்லா நாளும் ஆவி மூட்டுவதில்லை. ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள்தாம். அந்த நாள்களைக் கேட்டறியாமல் போனால் குளிர்ந்த இரும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். போகிறவர் காலையிலேயே போவது நல்லது. ஓடும் எஞ்சினைவிட, அதை ஓடவைப்பதைப் பார்ப்பதில்தான் பாடம் மிகுதி.

அருங்காட்சியகத்தைப் போலவே கண்காட்சித் திருவிழாக்களும் உண்டு. அவற்றின் பிறப்பு வேடிக்கையானது. 1950இல் ஆப்பிள்ஃபோர்டு என்னும் ஆங்கிலச் சிற்றூரில் ஆர்தர் நேப்பர் என்ற உழவர், தம் சாலை நீராவி எஞ்சினே வேகமானது என்று இன்னொருவருடன் பந்தயம் கட்டி ஓட்டினார். பந்தயப் பொருள் ஒரு பீப்பாய் பீர் (மலர்க் குழுவினர் பொறுத்தருள்க). பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த அத்தகைய எஞ்சின்களுக்கு அதன்பின் மதிப்பு வந்தது; ஊர்தோறும் நீராவித் திருவிழாக்கள் தோன்றின. அதே 1950இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்னும் ஊரில் பழைய கதிரடிப்பாளர்கள் கூடினார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டி அது ஆண்டுதோறும் நடக்கும் பெருவிழாவாக வளர்ந்தது. எஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து பெல்ட் மாட்டி அங்கே உண்மையாகவே கதிரடித்துக் காட்டுவார்கள். எல்லாம் நிலைப்பதும் இல்லை. 1969இல் தொடங்கிய டார்செட் நீராவித் திருவிழா, 2022ஆம் ஆண்டு விழாவுக்குப் பின் பெருகிய செலவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது.

கடல் கடந்து போக நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? நம் நாட்டிலும் இடங்கள் உள்ளன. டெல்லியில் 1977இல் தொடங்கிய தேசிய ரயில் அருங்காட்சியகம், கொல்கத்தாவில் 1959இல் திறந்த பிர்லா தொழில் அருங்காட்சியகம், பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயரால் அமைந்த அருங்காட்சியகம், சென்னைப் பெரம்பூரில் 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் ஆகியன. 1855இல் செய்த ஃபேரி குவீன் என்னும் ரயில் எஞ்சின் 1909இல் ஓய்வு பெற்று, 1997இல் மறுபடியும் தண்டவாளம் ஏறியது. அதன் உடன்பிறப்பு போன்ற மற்றோர் எஞ்சினுக்குப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் 2010இல் உயிர் கொடுத்தனர்.

ஓடும் எஞ்சின் வேண்டும் என்பவருக்கு மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் போதும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதையில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது நீராவி எஞ்சின். உயர் அழுத்த சிலிண்டர்கள் சாதாரண சக்கரங்களை உருட்டுகின்றன. அங்கே வேலை முடித்த ஆவி வீணாகாமல் தாழ் அழுத்த சிலிண்டர்களுக்குச் சென்று, நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பாடநூலில் 'கூட்டு எஞ்சின்' என்று இரண்டு வரியில் முடிந்துபோகும் செய்தி இது.

ஆயினும் ஒரு குறை. நம் நாட்டில் ரயிலுக்கு அருங்காட்சியகம் உண்டு. காருக்கும் உண்டு, கோவையில் 2015இல் ஜீடீ கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். டெல்லியில் 1964 முதல் பழைய கார்களின் அணிவகுப்பு நடந்து வந்திருக்கிறது. பண்ணையார் ஏறிய காருக்கு மாலை போடுகிறோம். உழவன் ஓட்டிய ஆயில் எஞ்சினுக்கு எடைத்தராசுதான். பம்புசெட்டுக்குப் பெயர்போன கோவை மாவட்டம் இருக்கும் மாநிலத்தில் இப்படி நடப்பது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டு கனத்த ஃப்ளைவீல்களுடன் நிமிடத்திற்கு 600, 650 சுற்று சுற்றும் அந்த ஆயில் எஞ்சின்களில் கற்க வேண்டியது நிறைய உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. எஞ்சிய ஒன்றரைச் சுற்றையும் அந்தச் சக்கரங்களின் சுழற்சி ஆற்றலே இழுத்துச் செல்கிறது. ஒற்றை ஒற்றையாக ஒலிக்கும் அந்தச் சத்தத்தின் பொருள் இதுதான். என் தந்தையார் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். வாடகை எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி வயல் வயலாகக் கொண்டுபோய் ஓட்டியவர். அரை ஃபர்லாங் தொலைவில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டு, "நாசில் அடைச்சிருக்கு" என்றோ "வால்வு ஒழுகுது" என்றோ சொல்லிவிடுவார். நான் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் படித்துவிட்டு வந்து ஃப்ளைவீல் ஏன் கனமாக இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். "அது தெரியும்ப்பா. விளிம்புல கனம் இருந்தாத்தான் நிக்காம சுத்தும். நடுவுல இருந்து என்ன பயன்?" என்றார். வாய்பாட்டில் ஆரத்தின் வர்க்கம் வருவதும் அதற்காகத்தானே! அவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே அந்த எஞ்சின்கள் ஓட வேண்டும். கையால் சுற்றிக் கிளப்பும் பக்குவமும், எந்தக் கணத்தில் நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும் என்பதும் எந்தக் கையேட்டிலும் முழுமையாக இல்லை.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் கிணற்றடியிலும் பழைய அரிசி ஆலையிலும் எட்டிப் பாருங்கள். எஞ்சினின் பக்கத்தில் ஆணியடித்த தகடு ஒன்று இருக்கும். செய்தவர் பெயர், எண், குதிரைத்திறன், சுற்று வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்தே போய்விடும். ஓட்டியவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எங்கள் ஊரில் இதுவரை மூன்று எஞ்சின்களைக் குறித்திருக்கிறேன். இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன. மூன்றாவது, டீசல் ஊற்றினால் ஓடும் என்கிறார் தந்தையார். அதன் உரிமையாளர் வரும் தை வரை அதை விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் அதற்கு இடம் தருமாறு துறைத்தலைவர் அவர்களிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துள்ளேன்.